தராசில் ஏறாத ஏரி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் இருந்த காலத்தில், வல்லபராயர் என்று ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்டு என்னை மடக்காதீர்கள், சொல்ல மாட்டேன். ராஜா நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் வயிறார உண்டு முடித்ததும் ஏதாவது யோசனை வந்து தொலைக்கும். நமக்கு வந்தால் நம் வீட்டோடு போய்விடும். ராஜாவுக்கு வந்தால் ஊரே அல்லவா அலைய வேண்டும்?

அவர் சபையில் தோணியப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். ஆள் ஒல்லி. குடுமி எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். வாய் மட்டும் ஊருக்கே போதும். பகைவன் படையெடுத்து வருகிறான் என்று ஓலை வந்த நாளில்கூட ராஜாவைச் சிரிக்க வைத்து, சிரித்த முகத்தோடு யோசிக்க வைத்தவன் அவன். அதனால் ராஜாவுக்கு அவன்மேல் உயிர்.

இப்படி ஒருவன் இருந்தால் அவனைக் கண்டு வயிறு எரிய இன்னொருவர் இருக்க வேண்டுமே. இருந்தார். களஞ்சிய அதிகாரி விருபாட்சர். ஒரு மணி நெல் சிந்த விடமாட்டார், அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் அள்ள முடியாத எதையும் அவர் நம்ப மாட்டார். ராஜா வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம், இந்தச் சிரிப்புக்காக எத்தனை படி அரிசி தண்டமாகப் போகிறது என்று அவர் மனம் பொருமும். தோணியப்பனை எப்போது துரத்தலாம் என்று காத்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த ஊருக்கு ஒரு பெரிய ஏரி உண்டு. ஏரி மேட்டில், அரண்மனை பள்ளத்தில். அரண்மனைத் தாமரைக் குளத்துக்கு ஏரியிலிருந்தே ஒரு வாய்க்கால் இறங்கி வரும். ஏரி நிரம்பித் தளும்புகிறது என்று கேள்விப்பட்டு, ராஜா குதிரை ஏறிக் கரைமேல் உலாப் போனார். கூடவே விருபாட்சர். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் ஓர் ஆள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பறை இருந்தது. அவன் முழங்கால்வரை சேறு அப்பியிருந்ததை ராஜா கவனிக்கவில்லை. வெற்றிலையை மட்டும் கவனித்தார்.

இவன் யார் என்று ராஜா கேட்டார்.

“ஏரிக்காவல் காத்தான், மகாராஜா,” என்றார் விருபாட்சர். “கரை உடைந்தால் பறை அடித்து ஊரை எழுப்ப வேண்டும் என்பது இவன் வேலை. நான் அதிகாரத்துக்கு வந்த நாள் முதல் இவன் ஒருமுறையும் அடித்ததில்லை. இவன் தகப்பனும் அடித்ததில்லையாம். களஞ்சியத்து நெல் மட்டும் தவறாமல் இவன் வீட்டுக்குப் போகிறது. இதற்குப் பெயர் வெட்டி வேலை.”

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டில் அதுவரைக்கும் வெட்டி என்பது கேவலமான சொல் இல்லை. ஊருக்காகக் கூலி வாங்காமல் செய்யும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். மழைக்கு முன்னே ஏரிக்கரைக்கு மண் போடுவார்கள், மழை ஓய்ந்ததும் வாய்க்காலில் தூர் எடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் கூடையோடு போக வேண்டும். காசும் கிடையாது, நெல்லும் கிடையாது. தாகத்துக்கு மோர் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று யாராவது கேட்டால், சேற்றுக்காலோடு நிமிர்ந்து நின்று, வெட்டிக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார்கள். பெண் கேட்டு வந்தால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெட்டிக்கு ஆள் போவதுண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவார்கள். அப்படி இருந்த சொல்லைத்தான் விருபாட்சர் எச்சிலைத் துப்புகிற மாதிரி துப்பினார்.

ராஜாவுக்கு அது பிடித்துப் போயிற்று. சில பேருக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தால் போதும், அதை வைத்தே பொழுதை ஓட்டிவிடுவார்கள். படுத்துக் கிடந்த யானையைப் பார்த்து வெட்டி என்றார். பகலில் தெரிந்த நிலாவைப் பார்த்து வெட்டி என்றார். ராஜா சொன்னால் சபை சொல்லும், சபை சொன்னால் சந்தை சொல்லும். சில நாளிலேயே ஊரில் அந்தச் சொல் ஏச்சாகிவிட்டது. அந்த வருஷம் வாய்க்கால் தூர் எடுத்துவிட்டு வந்தவர்கள், எங்கே போனாய் என்று கேட்டால் சும்மா இந்தப் பக்கம் என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினார்கள்.

இதுதான் சமயம் என்று விருபாட்சர் சபையில் எழுந்தார். அரண்மனை நெல்லை உண்ணும் அத்தனை பேருடைய வேலையையும் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்றார். முற்றத்தில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கட்டுவது. ஒரு தட்டில் ஒரு கல். மறு தட்டில் அவரவர் தம் வேலையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். தட்டு தாழ்ந்தால் நெல் தொடரும். தாழாவிட்டால் அது வெட்டி வேலை. நெல் நிற்கும், குடியிருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பௌர்ணமியன்று நிறுவை. சொல்லி முடித்துவிட்டு, “விகடகவி உட்பட,” என்று ஒரு வார்த்தை சேர்த்தார். சிரிப்பை யார் எந்தத் தட்டில் வைக்க முடியும் என்று அவருக்குள் குதூகலம்.

ராஜா கை தட்டினார். தராசு என்றதும் அவருக்கு ஒரு திருவிழாவே கண்ணில் தெரிந்தது.

தோணியப்பன் மெல்ல எழுந்தான். “மகாராஜா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். நெசவுக்காரர் துணியைக் கொண்டு வருவார், செக்காட்டுகிறவர் எண்ணெயைக் கொண்டு வருவார். மற்றவர்கள் எதைக் கொண்டு வருவது? அவரவர் வேலையில் கைபட்டது எதுவோ அதைக் கொண்டு வரலாமா?”

ராஜா பதில் சொல்வதற்குள் விருபாட்சர் முந்திக்கொண்டார். அவருக்குச் செக்குக்காரர்மேல் வெகுநாளாகச் சந்தேகம். “கைபட்டது எதுவானாலும் வரட்டும். ஆனால் மிச்சம் வைக்காமல் முழுவதும் வர வேண்டும். பாதியை வீட்டில் ஒளித்துவிட்டுப் பாதியைக் கொண்டுவந்தால் தண்டனை.”

அப்படியே ஆகட்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். தோணியப்பனும் உட்கார்ந்துவிட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு யோசனையும் இல்லை. வாய் சும்மா இருக்காதே என்று கேட்டு வைத்தான், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் காத்தான் தோணியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றான். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள். தோளில் அந்தப் பறை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, காலெல்லாம் சேறு என்றான். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தான். தோளில் இருந்த பறையை இறக்கித் திண்ணையில் வைத்தான். கடைசியில் சொன்னான்.

“சாமி, நெல்லு போனாப் போவுது. ஏரியில மீனிருக்கு, கரையில கீரையிருக்கு, பொழச்சுக்குவோம். அந்த வார்த்தைதான் தொண்டையில நிக்குது. எம் மவ கேக்குறா, ஏம்ப்பா நீ வெட்டிப்பயலான்னு.”

நிஜமாகவே நீ பறையை அடித்ததே இல்லையா என்று தோணியப்பன் கேட்டான். காத்தான் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்தான். அடித்ததில்லை. அவன் தகப்பனும் அடித்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் ஆடி மாதத்தில் பறைக்குத் தோல் மாற்றிவிடுவார்கள். அடிபடாத தோலை அவிழ்த்துவிட்டு, அடிபடப் போகாத புதுத்தோலைப் பூட்டுவார்கள். ஒரு நாள் தேவைப்பட்டால் அது ஊமையாகிவிடக் கூடாதே. அந்தப் பறையின் சத்தத்தை வேறொன்றோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஏரிக்கரைத் தெருவில் மேளம், தவில், பறை எதுவும் கொட்டக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. காத்தானின் சொந்தக் கல்யாணமே சங்கு மட்டும் ஊதி நடந்தது. பெண்வீட்டார் அசலூர்க்காரர்கள். இது என்ன கல்யாணமா, இழவா என்று முகத்தைச் சுளித்தார்களாம்.

அப்புறம் அவன் அன்றாட வேலை. விடிந்ததும் கரை நெடுக நடப்பான். நண்டு வளை தோண்டியிருந்தால் களிமண்ணைத் திணித்து மிதிப்பான். எலி பறித்திருந்தால் அடைப்பான். கரையில் வேரோடும் செடியை முளையிலேயே பிடுங்குவான். விரல் நுழையும் ஓட்டையில் ஏரி தலையை விட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் கரையைப் பிளந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். இதை முடித்துவிட்டு அவன் வெற்றிலை போட உட்கார்ந்த நேரத்தில்தான் ராஜா வந்து பார்த்திருக்கிறார்.

“எங்கப்பன் காலத்துலயும் சரி, எங்காலத்துலயும் சரி, இந்தப் பறை வாயத் தொறக்கல சாமி,” என்றான் காத்தான். அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பட்டம் கட்டிய யானைக்கு அப்படி ஒரு களை இருக்கும். “அதத்தான் தராசுல வைக்கணும். அத எப்படி வைக்கிறதுன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வைத்திருக்கும் தோணியப்பனுக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.  விருபாட்சர்மேல் வந்தது, ராஜாமேலும் வந்தது. நாட்டுக்கே கேட்கிற மாதிரி தன் பெருமையைத் தானே கட்டியங்காரன் வைத்துக் கூவிக்கொள்கிற சபை அது. ஒருநாளும் சத்தம் போடாததையே பெருமையாக வைத்திருக்கிறவனை அங்கே வெட்டிப்பயல் என்கிறார்கள். நீ கரைக்குப் போ, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பிவைத்தான்.

நேரே சபைக்குப் போய் ராஜாவை வணங்கினான். “காத்தானுடைய தட்டு தாழாவிட்டால், மகாராஜா, அவன் குடிசையைக் காலி செய்யும் அன்றே அடியேனும் இந்த ஊரைவிட்டுப் போகிறேன். அடியேனைத் தனியாக நிறுக்கவும் வேண்டாம். தாழ்ந்துவிட்டால் அதிகாரி அவர்கள் ஒரு பகல் அடியேன் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். கூலி கேட்கக் கூடாது.”

விருபாட்சருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஒத்துக்கொண்டார். ராஜா சிரித்தார். தட்டு தாழ்ந்தால் அந்த ஒரு பகல் தானும் வருவதாக விளையாட்டாகச் சொல்லி வைத்தார். விளையாட்டாகச் சொன்னாலும் ராஜா சொன்னது சொன்னதுதான், சபையே கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தோணியப்பன் அரண்மனையின் பின்கட்டிலேயே சுற்றினான். பெருக்குகிறவர்கள், லாயத்தில் சாணம் அள்ளுகிறவர்கள் என்று ஒவ்வொருவர் காதிலும் ஏதோ ஓதினான். கேட்டவர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பௌர்ணமி வந்தது. முற்றத்தில் தராசு தொங்கியது. ஊரே கூடிவிட்டது. ராஜா சிம்மாசனத்தை முற்றத்துக்கே கொண்டுவரச் சொல்லி அமர்ந்தார். விருபாட்சர் புதுப்பட்டு உடுத்திக்கொண்டு தராசின் பக்கத்திலேயே நின்றார். நெசவுக்காரர் துணி வைத்தார், தட்டு தாழ்ந்தது. செக்குக்காரர் எண்ணெய்க் குடங்களை வைத்தார், தாழ்ந்தது. கொல்லர் ஏர்க்கொழுவையும் அரிவாளையும் வைத்தார், தட்டு தரையைத் தொட்டது. ராஜா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

அடுத்து அரண்மனை பெருக்கும் வீராயி. நீ என்ன செய்கிறாய், உன் தட்டில் என்ன இருக்கிறது என்று விருபாட்சர் இளக்காரமாகக் கேட்டார். வீராயி பின்பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். அவளோடு பெருக்கும் பெண்கள் வரிசையாகக் கூடைகளோடு வந்தார்கள். குப்பைமேட்டில் என்ன உண்டோ அவ்வளவும் வந்தது. வாடிய பூமாலை, எச்சில் இலை, கோழி இறகு, கிழிந்த பாய். தட்டு நிரம்பித் தரையிலும் குவிந்தது. எழுந்த புழுதியில் விருபாட்சர் தும்மத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை.

“எங்கைபட்டது இதுதானுங்க,” என்றாள் வீராயி. “மிச்சம் வெச்சா தண்டனைன்னாங்க. அதான் ஒட்டக் கொண்டாந்துட்டேன்.”

தட்டு தாழ்ந்திருந்தது. யாரும் மறுக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் லாயத்து ஆட்கள் வந்தார்கள். நாற்றம் முதலில் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள். போதும் போதும், தாழ்ந்துவிட்டது என்று தட்டில் வைப்பதற்கு முன்பே ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். அதற்கும் பிறகு அரண்மனைத் தோட்டத்துப் பிடாரன் வந்தான். பெரிய மூங்கில் கூடை, மேலே துணி கட்டியிருந்தது. உள்ளே ஏதோ சீறியது. நந்தவனத்தில் பிடித்ததெல்லாம் இதில் இருக்கிறது, திறந்து காட்டட்டுமா என்று பணிவாகக் கேட்டான். ராஜா இரண்டு காலையும் சிம்மாசனத்துக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டார். கூடை மூடியபடியே தட்டில் ஏறி இறங்கியது. இவ்வளவும் என் வீட்டுக்குள்தான் இருந்ததா என்று ராஜா முணுமுணுத்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

விருபாட்சர் தும்மலைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஏரிக்காவல் காத்தான் என்று கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் ஓரமாக நின்ற காத்தானின் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தட்டு காலியாக ஆடிக்கொண்டிருந்தது. விருபாட்சர் முகத்தில் விளக்கு ஏற்றின மாதிரி ஒரு வெளிச்சம். தட்டு தாழவில்லை, காவல்காரனும் விகடகவியும் ஊரைவிட்டுப் போகலாம் என்றார்.

தோணியப்பன் முன்னால் வந்தான். “அதிகாரி அவர்கள் அவசரப்பட வேண்டாம். அவன் சுமை கொஞ்சம் பெரிது, தலையில் தூக்கி வர முடியாது. வாய்க்கால் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.”

எதை அனுப்ப வேண்டும் என்று ராஜா கேட்டார்.

“ஏரியை, மகாராஜா.”

 தோணியப்பன் நிதானமாக விளக்கினான். வீராயி தினமும் குப்பையைத் தடுக்கிறாள், குப்பையைக் கொண்டுவந்தாள். பிடாரன் பாம்பைத் தடுக்கிறான், பாம்பைக் கொண்டுவந்தான். காத்தான் தடுத்து வைத்திருப்பது ஏரி. கரையில் அவன் கைபடாத இடம் கிடையாது, அந்தக் கை எடுபட்டால் ஏரி தானே இறங்கி வரும். மிச்சம் வைத்தால் தண்டனை என்பது உத்தரவு. அதனால் முழுதாகத்தான் வரும். அரண்மனை பள்ளத்தில் இருப்பது நல்லதாகப் போயிற்று, வழி கேட்க வேண்டியதில்லை. தட்டு கொள்ளாவிட்டாலும் முற்றம் விசாலமானது. சொல்லிக்கொண்டே தன் மேல்துண்டை உருவி, கோபுர வாசல் படியில் ஏறத் தொடங்கினான். அங்கே நின்று துண்டை வீசினால் ஏரிக்கரைக்குத் தெரியும்.

“இது விளையாட்டு, மகாராஜா,” என்றார் விருபாட்சர். அவர் குரல் ஏனோ கீச்சென்று வந்தது. “ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் போதாதா?”

“பாதியை ஒளித்தால் தண்டனை என்று தாங்கள்தானே சொன்னீர்கள்,” என்றபடி தோணியப்பன் இன்னொரு படி ஏறினான்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினார் என்று சொல்வதைவிடக் குதித்தார் என்று சொல்லலாம். ஓடிப்போய்த் துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றார். அப்படியானால் தட்டு காலி என்று முடிவு செய்யலாமா என்று தோணியப்பன் பணிவாகக் கேட்டான்.

“தாழ்ந்துவிட்டது,” என்றார் ராஜா மூச்சிரைக்க. “என் கண்ணால் பார்த்தேன். தட்டு தாழ்ந்துவிட்டது.”

எல்லோரும் திரும்பித் தராசைப் பார்த்தார்கள். காலித் தட்டு காற்றில் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. ராஜாவும் பார்த்தார். தன்னையும், தன் கையில் இருந்த துண்டையும், அந்தக் காலித் தட்டையும் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. குனிந்து குனிந்து சிரித்ததில் கிரீடம் நழுவிப் படியில் உருண்டது. தோணியப்பன் தாவி அதை எடுத்துத் தூசி தட்டினான். நேரே போய்த் தராசுத் தட்டில் வைத்தான். தட்டு டக்கென்று தாழ்ந்தது.

“தனியாக நிறுக்க வேண்டாம் என்று சொன்னேன், ஆனாலும் அதிகாரி அவர்களுக்கு மனக்குறை இருக்கக் கூடாது அல்லவா?” என்றான். “அடியேன் வேலையில் கைபட்டது இது.”

ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் தடுக்காமல் இருந்திருந்தால் காத்தான் நிஜமாகவே கரையை வெட்டியிருப்பானா என்று கேட்டார்.

தோணியப்பன் அப்போதுதான் சிரிப்பை விட்டான். “காத்தானுக்கு இதில் எதுவும் தெரியாது, மகாராஜா. இன்று விடியற்காலையில் நான் போய்க் கூப்பிட்டேன். மிகுதித் தண்ணீர் வழியும் கலங்கு பக்கத்தில் ஒரு புது நண்டு வளை தெரிகிறதாம், ஈரம் கசிகிறதாம். நிறுவைக்கு வராவிட்டால் உன் வீடு போய்விடும் என்று கெஞ்சினேன். வீடு போனால் கட்டிக்கொள்ளலாம், இது நான் வரும்வரை காத்திருக்காது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். இப்போதும் அங்கேதான் இடுப்பளவு சேற்றில் நின்று மிதித்துக்கொண்டிருப்பான்.”

ராஜா படியிலிருந்தே ஏரிக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.  காத்தானின் மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். என் அப்பா அது என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது முன்னமே தெரியும், இருந்தாலும் தலையாட்டினாள்.

நாளைக் காலை என்ன வேலை என்று சொல் என்றார் ராஜா. கரைக்கு மண் சுமப்பதுதான் வேலை என்றான் தோணியப்பன்.

மறுநாள் காலை ராஜா புறப்பட்டார். ராஜா புறப்பட்டால் முரசு முழங்க வேண்டும், மேளக்காரர்களும் வந்து நின்றார்கள். தோணியப்பன் அவர்களைத் திருப்பி அனுப்பினான். ஏரிக்கரைத் தெருவில் கொட்டு கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சொன்னான். அந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு ராஜா சத்தமில்லாமல் தெருவில் நடந்து போனது அன்றைக்குத்தான். இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, தலையில் கூடையோடு போனார். பின்னால் விருபாட்சர். முந்தின நாள் தும்மல் இன்னும் ஓயவில்லை. அதற்கும் பின்னால் வீட்டுக்கு ஒருவர் என்று ஊரே வந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள்.

காத்தான் இரவெல்லாம் மிதித்து வளையை அடைத்து முடித்துவிட்டுக் கரையேறி நின்றிருந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் கரைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து பறையை எடுக்கப் போனான். தோணியப்பன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். விஷயம் புரிந்ததும் காத்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ராஜாவைக் கும்பிட்டான். உனக்கு என்ன வேண்டும், கேள் என்றார் ராஜா.

காத்தான் சுற்றும் முற்றும் பார்த்தான். “மகராசா, அந்தக் கூடைய இங்க கொட்டாதீங்க. கலங்குக்கு மேக்கால கர தாந்திருக்கு, அங்க கொட்டுங்க.”

ராஜா போய் அங்கேயே கொட்டினார். விருபாட்சர் சரிவில் கால் வழுக்கி, புதுப்பட்டோடு உட்கார்ந்த நிலையிலேயே கீழேவரை போய்ச் சேர்ந்தார். ஏரிக்கரையில் அன்றைக்குக் கொட்டு இல்லாவிட்டால் என்ன, ஜனங்கள் சிரித்த சிரிப்பு அரண்மனைவரை கேட்டிருக்கும். காத்தான்தான் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டான்.  விருபாட்சர் மறுபடியும் கூடையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார், அந்த மட்டில் அவரை நான் பாராட்டுகிறேன்.

பொழுது உச்சிக்கு வந்ததும் மோர் கொடுத்தார்கள். ராஜாவுக்கும் அதே மோர்தான். எதிரே அசலூர் வணிகன் ஒருவன் வண்டியை நிறுத்தி, பெரியவரே இங்கே என்ன வேலை நடக்கிறது என்று ராஜாவையே கேட்டான், ஆள் தெரியாமல். ராஜா சேற்றுக்காலோடு நிமிர்ந்தார்.

“வெட்டி வேலை, ஐயா,” என்றார். “நான் வெட்டிக்கு வந்திருக்கிறேன்.”

அதைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேர் முதுகும் தானாக நிமிர்ந்தது. அந்தச் சொல் போன வழியே திரும்பி வந்தது. ராஜா சொன்னால் சபை சொல்லும், சபை சொன்னால் சந்தை சொல்லும் அல்லவா?

திரும்பும்போது ராஜா தன் தோளில் கிடந்த பட்டை எடுத்துத் தோணியப்பனுக்குப் போர்த்தினார். அதில் முழுக்கச் சேறு. வெளுத்துக் கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். “வேண்டாம், மகாராஜா. இந்த மண் இல்லாவிட்டால் இது வெறும் பட்டு, எல்லோரிடமும் இருக்கிறது,” என்றான் அவன். ராஜா அதற்கும் சிரித்தார். தோணியப்பன் கடைசிவரை அந்தப் பட்டை வெளுக்கவே இல்லையாம், சபைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போவானாம். பக்கத்தில் உட்காரும் விருபாட்சர் கொஞ்சம் தள்ளி உட்காருவாராம்.

காத்தானுக்குப் பின் அவன் மகள் கரையைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னும் ஆட்கள் வந்தார்கள். இன்றைக்கும் ஆடி மாதம் வந்தால் அந்தப் பறைக்குப் புதுத்தோல் பூட்டுகிறார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் கல்யாணத்துக்குச் சங்குதான். என் கல்யாணத்துக்கும் சங்குதான் ஊதினார்கள். பறை இதுவரை ஒருமுறைகூட அடிபடவில்லை. அடிபட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எங்கள் ஊரில் யார் இருந்திருப்பார்கள்?